காட்ஃபாதர் கணினி விளையாட்டு: படத்தை விரித்ததா, சிதைத்ததா?

ஆற்றங்கரையான் எழுதியது:

ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா இயக்கி 1972-இல் வெளிவந்த ‘காட்ஃபாதர்’ படத்தை வைத்து எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணினி விளையாட்டை, திரைப்படத் தழுவல்களுக்கு ஒரு முன்மாதிரி என்று நண்பர் தனிவழி வேறோர் இழையில் புகழ்ந்திருந்தார். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அங்கே பேச்சு திசைமாறிவிட்டதால் இங்கே தனியாக எழுதுகிறேன்.

விளையாடாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் எங்கும் இல்லாத ஆல்டோ டிரபானி என்ற இளைஞனாக நாம் ஆடுகிறோம். 1936-இல் அவனுடைய தந்தை எதிரிக் கும்பலால் கொல்லப்படுகிறார். பையன் வளர்ந்து தெருச்சண்டைகளில் திரிவதைப் பார்த்த தாய், நிழலுலகக் குடும்பம் ஒன்றின் தலைவரான டான் விட்டோ கொர்லியோனேயிடம் போய் முறையிட, டான் தன் கையாளான லூக்கா பிராசியை அனுப்பி அவனைத் தொழிலில் இழுத்துவிடுகிறார். அங்கிருந்து அடியாளாகத் தொடங்கி, படிப்படியாக மேலேறி, கடைசியில் நியூயார்க் நகரம் முழுவதற்கும் டான் ஆகிவிடலாம். படத்தின் புகழ்பெற்ற சம்பவங்கள் எல்லாம் வழியில் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஆல்டோ ஒரு ஓரத்தில் நிற்கிறான்.

என் முதன்மையான மறுப்பு ஒன்றுதான். நியூயார்க் நிழலுலகை ஆளும் ஐந்து குடும்பங்களுக்கிடையிலான பகை இந்த விளையாட்டில் ஓர் அளவுகோலாக வைக்கப்பட்டிருக்கிறது. எதிரிக் குடும்பத்தின் ஆட்களை அடிக்க அடிக்க அது ஏறும். நிரம்பிவிட்டால் போர் மூளும். அந்தப் போரை நிறுத்த என்ன செய்ய வேண்டும் தெரியுமா? எதிரியின் தொழிலிடம் ஒன்றில் வெடிகுண்டு வைக்கலாம். அல்லது எஃப்பிஐ அதிகாரி ஒருவருக்கு லஞ்சம் கொடுக்கலாம். போர் முடிந்தது, மறுபடி கடைவீதிக்குப் போகலாம்.

படத்தில் போர் எப்படி முடிகிறது என்று நினைத்துப் பாருங்கள். சுங்கச்சாவடியில் மூத்த மகன் சன்னியின் உடல் சல்லடையாகத் துளைக்கப்பட்டுக் கிடக்கிறது. பெற்ற தகப்பன் ஐந்து குடும்பங்களின் தலைவர்களையும் கூட்டி, பழிவாங்கும் உரிமையைத் தானே கைவிடுவதாக அறிவித்து, மகனைக் கொன்றவர்களில் ஒருவனை எல்லோர் முன்னிலையிலும் தழுவுகிறார். இளைய மகன் மைக்கேல் சிசிலியிலிருந்து உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக அந்த விலையைக் கொடுக்கிறார். அந்தத் தழுவலில் இருக்கும் அவமானமும் கணக்கும் தந்தைமையும்தான் ‘காட்ஃபாதர்’. அதை எடுத்துவிட்டு வெடிகுண்டை வைத்தவர்கள் படத்தின் பெயரை மட்டும் வாடகைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. விளையாட்டு வெளிவருவதற்கு முந்தைய ஆண்டே, தனக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றும், எல்லோரும் அறிந்த பாத்திரங்களைக் காட்டிவிட்டு மணிக்கணக்கில் சுட்டுக் கொல்வதை ஏற்கவில்லை என்றும் கொப்போலாவே வெளிப்படையாகக் கூறினார்.


தனிவழி எழுதியது:

ஆற்றங்கரையான் அவர்களுக்கு வணக்கம். இயக்குநரின் அதிருப்தியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. படத்தின் உரிமை பாரமவுண்ட் நிறுவனத்திடம் இருந்தது. அவர்கள்தான் விளையாட்டுக்கு உரிமம் கொடுத்தார்கள். இயக்குநரைக் கலந்துகொள்ளாதது வருத்தத்துக்குரியது என்றாலும், அது விளையாட்டு நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

போரை முடிக்கும் முறையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அது மலிவான ஏற்பாடுதான். ஆனால் உங்கள் பதிவில் “ஓரத்தில் நிற்கிறான்” என்று குறையாகச் சொன்னதைத்தான் நான் இந்த விளையாட்டின் முதல் சிறப்பாகக் கருதுகிறேன்.

எதிரியான போதைப்பொருள் வணிகன் சொலோட்ஸோவையும் அவனுக்குத் துணைநிற்கும் காவல்துறை அதிகாரி மெக்ளஸ்கியையும் மைக்கேல் உணவகத்தில் வைத்துச் சுடும் காட்சியை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் வீட்டில் நடக்கும் ஆலோசனையில், கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் துப்பாக்கியை மறைத்து வைக்க மிகத் திறமையான ஒருவன் வேண்டும் என்று சன்னி அழுத்திச் சொல்கிறான். பிறகு மைக்கேல் தொட்டியின் பின்னால் தடவுகிறான். துப்பாக்கி அங்கே இருக்கிறது. வைத்தவன் யார் என்று படம் காட்டுவதே இல்லை. காட்டவும் தேவையில்லை, அது மைக்கேலின் கதை. விளையாட்டை எழுதியவர்கள் அந்தக் காலி நாற்காலியைக் கண்டுபிடித்து நம்மை அதில் உட்காரவைத்தார்கள். துப்பாக்கியை வைப்பவன் ஆல்டோ. பிறகு மைக்கேலை வண்டியில் ஏற்றித் தப்பவைப்பவனும் அவனே. ஹாலிவுட் தயாரிப்பாளர் வோல்ட்ஸின் படுக்கையில் குதிரைத் தலை எப்படி வந்தது என்பதையும் படம் சொல்லாமல் விடுகிறது. அந்த இரவு வேலையிலும் நாம் போகிறோம். படம் எங்கெல்லாம் கதவைச் சாத்துகிறதோ, அங்கெல்லாம் விளையாட்டு பின்வாசல் வழியாக நுழைகிறது. மைக்கேலாகவே ஆடவிட்டிருந்தால் அல்லவா அது அபசாரம்!

அதோடு, ஆடுபவனுக்கு எல்லாம் கைகூடிவிடுவதும் இல்லை. எதிரிகள் லூக்கா பிராசியின் கழுத்தை இறுக்கும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கத்தான் முடிகிறது. சன்னியையும் காப்பாற்ற முடியாது. எவ்வளவு வேகமாக வண்டியை ஓட்டினாலும் அந்தச் சாவு நடந்தே தீரும்.

இரண்டாவதாக, படம் மறைக்கும் வேறொன்றை இந்த விளையாட்டு மறைக்கவில்லை: பணம் எங்கிருந்து வருகிறது என்பதை. முதல் படத்தில் டானைத் தேடி வருபவர்கள் எல்லோரும் உதவி கேட்டு வருபவர்கள். மகளுக்கு நீதி கேட்டு வரும் பிணப்பெட்டித் தொழில்காரர் போனசேரா, தன்னிடம் வேலை பார்க்கும் என்ஸோவை நாட்டிலேயே தங்கவைக்க வழி கேட்டு வரும் ரொட்டிக்கடைக்காரர் நசோரினே, வாய்ப்பிழந்த பாடகன். டானின் ஆட்களால் அடிபட்டு, கைக்காசைப் பிடுங்கக் கொடுத்த ஒரு சாதாரணக் கடைக்காரரையாவது அந்த மூன்று மணி நேரத்தில் பார்த்திருக்கிறீர்களா? விளையாட்டில் அதே போன்ற ரொட்டிக்கடைக்குள் நாம் மாமூல் கேட்டு நுழைகிறோம். சட்டையைக் கொத்தாகப் பிடித்து, கல்லாவின் மேல் சாய்த்து, மசியாவிட்டால் கடைச் சாமான்களை ஒவ்வொன்றாக உடைக்கிறோம். அவருடைய அச்சத்தை ஓர் அளவுகோல் காட்டுகிறது. குறித்த கோட்டைத் தொட்டால் பணிகிறார்; இன்னும் நெருக்கினால் கூடுதல் தொகைக்குச் சம்மதிக்கிறார்; எல்லை மீறினால் போவது உயிர்தானே என்று திருப்பி அடிக்க வந்துவிடுகிறார். ஒரு மனிதனை எந்த அளவுக்கு அவமானப்படுத்தினால் பணம் கறக்கலாம் என்பதை நம் கையாலேயே கணக்கிடவைக்கும் அந்த அருவருப்பு, கொப்போலாவின் பொன்னிற வெளிச்சத்தில் ஓரிடத்திலும் இல்லை.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 1971-இல் இத்தாலிய அமெரிக்கர் குடிமை உரிமைக் கழகம் எதிர்ப்புத் தெரிவித்தபோது, திரைக்கதையிலிருந்து ‘மாஃபியா’ என்ற சொல்லை நீக்கிவிடத் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டார். அந்தக் கழகத்தை நடத்தியவரே ஒரு நிழலுலகக் குடும்பத்தின் தலைவரான ஜோ கொலம்போ. மென்மையாக்கம் படத்திலேயே தொடங்கிவிட்டது.


மின்மினி எழுதியது:

இருவரும் தத்துவத்தில் இருக்கிறீர்கள். நான் கண்ணுக்கும் காதுக்கும் படுவதைச் சொல்கிறேன்.

படத்தில் டானாக நடித்த மார்லன் பிராண்டோ 2004 ஜூலையில் காலமாவதற்கு முன் இந்த விளையாட்டுக்காகக் குரல் பதிவு செய்தார். ஆனால் உடல்நலம் குன்றியிருந்த நிலையில் பதிவானவற்றில் மிகச் சிறு பகுதியைத்தான் பயன்படுத்த முடிந்தது. ஏனைய இடங்களில் பேசுவது அவரைப் போலப் பேசும் வேறொருவர். சன்னியாக நடித்த ஜேம்ஸ் கான், டானின் ஆலோசகர் டாம் ஹேகனாக நடித்த ராபர்ட் டுவால், ஏப் விகோடா ஆகியோர் குரலும் முகமும் கொடுத்தார்கள். மைக்கேலாக நடித்த அல் பசினோ இதில் இல்லை. ஆகவே சன்னி சன்னியாக இருக்கிறான், டாம் ஹேகன் டாம் ஹேகனாக இருக்கிறார், மைக்கேல் மட்டும் யாரோ ஒரு பையனாக வந்து நிற்கிறான். படத்தின் முதுகெலும்பான பாத்திரத்துக்கு அந்நிய முகம் என்றால், மற்ற முகங்கள் எத்தனை அச்சாக இருந்தும் என்ன பயன்? தனிவழி சொல்லும் ‘ஓரத்தில் நிற்கும்’ உத்திக்கு இந்தக் கட்டாயமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

அடுத்து, நகரம் முழுக்க ஃபிலிம் சுருள்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். தேடி எடுத்தால் பரிசாக மூலப் படத்தின் துண்டுக் காட்சிகள் திறக்கும். சந்துபொந்தெல்லாம் அலைந்து வந்தவனுக்குக் கிடைக்கும் பரிசு, இந்த விளையாட்டு எதைப்போல இல்லையோ அதன் ஒரு நிமிடம். தன்னம்பிக்கை உள்ள யாரும் தன் கடையில் பக்கத்துக் கடைப் பலகாரத்தை வைத்து விற்க மாட்டார்கள்.


ஆற்றங்கரையான் எழுதியது:

காலி நாற்காலி என்ற தனிவழியின் கருத்து அழகாக இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலி ஏன் காலியாக விடப்பட்டது என்று அவர் கேட்கவில்லை.

துப்பாக்கியை வைத்தவன் யார் என்று தெரியாததால்தான், அது அங்கே இருக்குமா என்று மைக்கேலோடு நாமும் பதறுகிறோம். தொட்டியின் பின்னால் அவன் கை ஒரு கணம் தடுமாறும்போது நம் வயிறும் கலங்குகிறது. பிறகு மேசைக்குத் திரும்பி உட்காருகிறான். சொலோட்ஸோ பேசிக்கொண்டே போகிறான். ரயில் இரைச்சல் காதை அடைக்கிறது. கேமரா அந்த முகத்தை விட்டு அகலுவதில்லை. கல்லூரியில் படித்த, போரில் பதக்கம் வாங்கிய, குடும்பத் தொழிலே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த பிள்ளை, அந்தச் சில நொடிகளில் வேறொருவனாக மாறுகிறான். விளையாட்டில் துப்பாக்கி இருப்பது எனக்குத் தெரியும், நான்தானே வைத்தேன்! எனக்கு மிஞ்சுவது வண்டியோட்டும் வேலை. கதவைச் சாத்துவதும் ஒரு கலை, தனிவழி. எல்லாப் பின்வாசலையும் திறந்து காட்டுவது விரிவுரை ஆகலாம், தழுவல் ஆகாது.

மாமூல் பற்றி: அருவருப்பு என்கிறீர்கள். முதல் கடையில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த அளவுகோலை வடிவமைத்தவர்கள் நமக்கு அருவருப்பு வரவேண்டும் என்று எண்ணியதற்கான தடயம் எதுவும் இல்லை. பணிந்த கடைக்காரர் பணிந்தவராகவே இருக்கிறார். வாரம் தவறாமல் பணம் வருகிறது. கூடவே மரியாதைப் புள்ளிகளும் ஏறுகின்றன. புள்ளிகள் சேர்ந்தால் குத்தின் வலிமையைக் கூட்டிக்கொள்ளலாம். எதிரியை எத்தனை விதமாகக் கொல்லலாம் என்பதற்கும் ஒரு பட்டியல் வைத்து, புதிய விதம் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுக்கிறார்கள். படத்தின் முதல் காட்சியிலேயே போனசேரா எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டதற்காக டான் புண்படுகிறார். நட்போடும் மரியாதையோடும் வந்திருக்க வேண்டும் என்கிறார். அந்த மனிதரின் வீட்டில் மரியாதையை எண்ணிக்கையாக அளந்து கொடுக்கிறது விளையாட்டு. இதைக் குற்ற உலகின் மீதான விமர்சனம் என்று சொல்வது, நண்பரே, உங்கள் பெருந்தன்மை.


செங்கல்சூளை எழுதியது:

அதே 2006-இன் அக்டோபரில் வந்த ‘ஸ்கார்ஃபேஸ்’ விளையாட்டை யாரும் குறிப்பிடவில்லையே என்பது வியப்பாக இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் இயங்கிய ராடிகல் எண்டர்டெயின்மென்ட் உருவாக்கியது அது. 1983-இல் பிரையன் டி பால்மா எடுத்த படத்தின் இறுதியில் டோனி மொண்டானா தன் மாளிகையிலேயே சுட்டு வீழ்த்தப்படுகிறான். விளையாட்டு அதே மாளிகைத் தாக்குதலில்தான் தொடங்குகிறது. ஆனால் டோனி பிழைத்துக்கொள்கிறான். எல்லாவற்றையும் இழந்து மயாமி வீதிகளில் மறுபடி எழுகிறான். படத்தில் டோனியாக நடித்த பசினோ தன் முகத்தைத் தர ஒப்புக்கொண்டார். குரல் ஆந்த்ரே சொக்லியூட்ஸோ.

முடிவையே மாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு வரலாம். நான் சொல்ல வருவது வேறு. அந்த விளையாட்டில் வழிப்போக்கர்களை நோக்கித் துப்பாக்கியை நீட்டி விசையை அழுத்தினால் டோனி சுட மறுக்கிறான். நாம் ஆட்டுவிக்கிறோம், அவன் ஆட மறுக்கிறான்! இந்த வகை விளையாட்டுகளில் அது மிக அரிது. அது எங்கிருந்து வந்தது என்றால், படத்தின் உயிர்நாடியிலிருந்து. நியூயார்க்கில் காரில் குண்டு வைத்துத் தொடர்ந்து போகும்போது, வண்டிக்குள் மனைவியும் குழந்தைகளும் இருப்பதைக் கண்டு டோனி குண்டை வெடிக்கவிடாமல் கூட்டாளியைச் சுட்டுவிடுகிறான். அவன் சாவுக்கே அந்த ஒரு மறுப்புத்தான் காரணம். அதை ஆட்டத்தின் விதியாகவே ஆக்கினார்கள். கதையை மீறி, பாத்திரத்துக்கு உண்மையாக இருந்த தழுவல் அது. ‘காட்ஃபாதர்’ விளையாட்டு கதைக்கு உண்மையாக இருந்து பாத்திரங்களைக் கோட்டைவிட்டது.


தனிவழி எழுதியது:

செங்கல்சூளை நல்ல புள்ளியைத் தொட்டிருக்கிறார். முடிவை மாற்றுவது பற்றி ஒரு கூடுதல் செய்தி: ‘ஸ்கார்ஃபேஸ்’ கதைக்கு இது புதிதே அல்ல. 1932-இல் ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்த முதல் படத்துக்கே, தணிக்கையாளர்களைச் சமாதானப்படுத்த, நாயகனை நீதிமன்றத்தில் நிறுத்தித் தூக்கிலிடும் வேறொரு முடிவை எடுத்துவைத்தார்கள். கொப்போலாவும் 1977-இல் தொலைக்காட்சிக்காகத் தன் இரண்டு படங்களையும் பிரித்துக் காலவரிசைப்படி அடுக்கினார். மூன்றாம் பாகத்தை 2020-இல் புதிய பெயரோடு மறுபடி வெட்டி ஒட்டினார். இந்தக் கதைகள் எப்போதுமே கல்வெட்டாக இருந்ததில்லை.

தழுவல் என்றால் என்ன என்பதற்கு நம் கண்முன்னாலேயே எடுத்துக்காட்டு உண்டு. மணிரத்னத்தின் ‘நாயகன்’ காட்ஃபாதரின் எலும்பை எடுத்து, பம்பாய்த் தாராவியின் சதையைப் பூட்டியது. அங்கே மைக்கேலே இல்லை. யாரும் குறையாகச் சொல்வதும் இல்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்ற உரிமை தழுவுகிறவருக்கு உண்டு. கேள்வி எல்லாம் எடுத்ததை வைத்து என்ன செய்தார் என்பதுதான்.

ஆற்றங்கரையானின் மறுப்புக்கு வருகிறேன். வடிவமைத்தவர்கள் அருவருப்பை எண்ணினார்களா என்று அறிய எனக்கு வழியில்லை, தேவையும் இல்லை. கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சும்போது, அளவுகோல் இன்னும் ஏற இடமிருக்கிறதே என்று என் விரல் பொத்தானை விடாமல் நின்றது. அந்த நிலையை எந்தப் படமும் எனக்குத் தந்ததில்லை. படம் பார்க்கும்போது நான் மைக்கேலை எடை போடலாம். இங்கே எடைக்கல்லில் இருப்பது நான்.


ஆற்றங்கரையான் எழுதியது:

‘நாயகன்’ எடுத்துக்காட்டு என் பக்கம்தான் சாய்கிறது. அது காட்ஃபாதரின் முகத்தையும் இசையையும் பெயரையும் கடன் வாங்காமல் தன் காலில் நின்றது. இந்த விளையாட்டிலிருந்து நீனோ ரோட்டாவின் இசையையும் பிராண்டோவின் சாயலையும் கழித்துப் பாருங்கள். 2001-க்குப் பிறகு ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’வின் வழியில் வந்த பல நகர்சுற்றும் விளையாட்டுகளில் ஒன்றாகத்தான் மிஞ்சும்.

மாமூல் விஷயத்தில் இன்னும் அடிப்படையான தவறு ஒன்று இருக்கிறது. கடைக்காரரை மிரட்டி வசூலிப்பதைக் கொப்போலா காட்டவில்லை என்கிறீர்கள். முதல் படத்தில் இல்லைதான். 1974-இல் வந்த இரண்டாம் படத்தில் இருக்கிறது. ஃபனூச்சி என்ற வெள்ளைக் கோட்டுக்காரன் யார்? அக்கம்பக்கத்துக் கடைகளில் எல்லாம் வசூல் செய்பவன். நாடக அரங்கின் உரிமையாளரைப் பணிய வைக்க அவருடைய மகளின் தொண்டையில் கத்தியை வைப்பவன். அவனுடைய உறவுக்காரப் பையனுக்கு இடம் விடுவதற்காகத்தான் இளம் விட்டோ மளிகைக்கடை வேலையை இழக்கிறான். ‘கருப்புக் கை’ (பிளாக் ஹேண்ட்) என்ற பெயரைச் சொல்லி ஏழைக் குடியேறிகளை நடுங்க வைப்பவனும் அவனே. விட்டோவின் முதல் கொலை அவனைக் கொன்றதுதான். விளையாட்டில் கடைக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கும் கட்டுப்பாட்டு முறைக்கு நிறுவனம் வைத்த பெயரே ‘பிளாக்ஹேண்ட்’! கொர்லியோனேக்களின் ஆளாக ஆட வாருங்கள் என்று அழைத்து, விட்டோ சுட்டுக் கொன்றவனின் வேலையை நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். படத்தைப் படித்தவர்கள் செய்யும் காரியமா இது?


தனிவழி எழுதியது:

இதுவரை வந்த வாதங்களிலேயே வலுவானது இதுதான். ஆனால் அதை முழுவதும் பின்தொடர்ந்தால் அது என் முடிவுக்கே கொண்டுவந்து விடுகிறது.

ஃபனூச்சியைக் கொன்ற பிறகு விட்டோ என்ன ஆகிறார்? நாய் வளர்த்ததற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட விதவைக்காகப் பரிந்து பேச, வீட்டுக்காரரைத் தெருவில் நிறுத்தி மெல்லிய குரலில் சில சொற்கள் சொல்கிறார், காசும் நீட்டுகிறார். வீட்டுக்காரர் முதலில் அலட்சியம் செய்துவிட்டு, விட்டோ யார் என்று ஊரில் விசாரித்த பின் ஓடோடி வந்து வாடகையையே குறைக்கிறார். கதவைத் திறந்து வெளியேறக்கூட அவர் கை நடுங்குகிறது. நாம் திரையரங்கில் சிரிக்கிறோம். அந்த நடுக்கம் எதனால்? ஃபனூச்சியின் இடம் காலியாகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறார் என்பதனால். கொப்போலா அதை நகைச்சுவையாக எடுத்தார். விட்டோவின் பக்கத்தில் நம்மை நிறுத்திச் சிரிக்க வைத்தார். வீட்டுக்காரரின் வீட்டில் அன்று இரவு என்ன நடந்திருக்கும் என்று எவரும் கேட்பதில்லை. அந்த நடுக்கத்தை 1945-இன் ரொட்டிக்கடை வரை நீட்டினால் ஆல்டோ டிரபானியின் வேலை கிடைக்கும். விளையாட்டு ஃபனூச்சியின் தொழிலை நம் கையில் கொடுத்தது என்றால், அதை முதலில் கையில் எடுத்தவர் விட்டோ.


மின்மினி எழுதியது:

அப்படியானால் ஒரு கேள்வி. 2009-இல் அதே நிறுவனம் இரண்டாம் படத்தை விளையாட்டாக்கியபோது, இந்தத் தொடர்ச்சியைக் காட்ட அருமையான வாய்ப்பு கையில் இருந்தது. படத்தின் பாதியே இளம் விட்டோவின் கதை. விளையாட்டில் அந்தப் பாதி அடியோடு இல்லை; ஃபனூச்சியும் இல்லை, அந்த விதவையும் இல்லை. நியூயார்க், ஃபுளோரிடா, கியூபா என்று வரைபடத்தை விரித்து, டான் மேலிருந்து ஆட்களை ஏவும் நிர்வாகப் பார்வையைச் சேர்த்தார்கள். தீவைப்பவன், பெட்டகம் உடைப்பவன், மருத்துவன் என்று கையாட்களை வகைப்படுத்தினார்கள். கடைக்காரரின் சட்டையைப் பிடிக்கும் வேலை மட்டும் அப்படியே இருந்தது.

தனிவழி காணும் அந்த நேர்மை திட்டமிட்டதாக இருந்திருந்தால், அதற்கு வேர் கொடுத்திருக்கும் பாதியை ஏன் வெட்டி எறிந்தார்கள்?


தனிவழி எழுதியது:

இரண்டாம் விளையாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. மேலிருந்து வரைபடத்தைப் பார்க்கத் தொடங்கியவுடன் கடைக்காரரின் முகம் மறைந்துவிடுகிறது. வருமானப் பட்டியலில் ஒரு வரியாகிவிடுகிறார். முதல் விளையாட்டில் எனக்குப் பிடித்தது அந்த முகம்தான். அதை எண்ணிச் செய்தார்களா, தற்செயலாக அமைந்ததா என்பதில் மின்மினியின் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. ஆனால் ரொட்டிக்கடைக்குள் நான் நின்றபோது, யார் எண்ணினார்கள் என்பது எனக்குப் பொருட்டாக இல்லை.


ஆற்றங்கரையான் எழுதியது:

எனக்குப் பொருட்டாக இருக்கிறது. போனசேராவின் காட்சியில் டானின் மடியில் பூனை இருப்பதுகூடப் படப்பிடிப்புத் தளத்தில் தற்செயலாக வந்து சேர்ந்ததுதான். ஆனால் அதை வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் முடிவு செய்தார். இந்த விளையாட்டில் அப்படி முடிவு செய்த ஒருவரின் கையை நான் எங்கும் காணவில்லை. கடைக்காரர் கெஞ்சிய அதே திரையின் ஓரத்தில் புள்ளிகள் ஏறிக்கொண்டிருந்தன, தனிவழி.